பீரோவுக்குப் பின்னால் இருந்த கதவு

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், முட்டிவலி அதன் பாட்டுக்கு இருக்கிறது. நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், ஏதாவது என்றால் உன் அக்கா முகத்திலேயே தெரிந்திருக்கும், அவளுக்கு மறைக்க வராது. போனில் சொல்லலாம் என்றால் நான் பேச ஆரம்பித்ததும் அவள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், மாப்பிள்ளை டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டு கேட்கிறார். நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் படுப்பது அந்த ஹால் சோபாவில், அவர் பார்த்து முடிக்கிறவரைக்கும் தூக்கம் வராத மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் நம் வீடு விற்றால் படி ஏறாத சின்ன வீடாகப் பார்த்து நான் தனியாகப் போய்விடுகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். எனக்கென்று ஒரு கதவு, நான் நினைத்தபோது சாத்திக்கொள்ள. வேறு ஒன்றும் வேண்டாம்.

வீடு ஏன் இன்னும் விலைபோகவில்லை என்று கேட்டிருந்தாய். சாமான்களைக் காலி செய்த பிறகு வருகிறவர்கள் எல்லாம் சுவரில் காலண்டர் மாட்டின தடத்தையும் தரைக் கீறலையும் பார்த்துவிட்டு, சின்ன வீடா இருக்கே என்று போனார்கள். நாம் அத்தனை பேர் இருந்த வீடு. புரோக்கர்தான் சொன்னார், காலி வீடு கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும், சாமான் போட்டால் பெரிசாகும் என்று. எனக்கு அது விளங்கவில்லை, இருந்தாலும் சரி என்றேன். ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார், விற்கிற வீட்டுக்குச் சாமான் போட்டு அலங்கரிப்பதுதான் அவளுக்கு வேலையாம், நான் வேஷக்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன். லாரியில் வாடகை சோபா, விளக்கு, பிளாஸ்டிக் செடி, பிளாஸ்டிக் ஆப்பிள் எல்லாம் வந்தது. உன் அப்பா படுத்த அறையில் ஒரு கட்டில், பார்த்தால் ராஜா வீட்டுக் கட்டில், மேலே வெள்ளை விரிப்பும் ஆறேழு தலையணையும். விரிப்பைத் தூக்கினால் கட்டிலே இல்லை, வெறும் காலி அட்டைப்பெட்டிகள். யாரும் எதிலும் உட்காரக் கூடாது என்று எனக்கு உத்தரவு. நான் குடித்தனம் செய்த வீட்டில் என்னை நிற்கவைத்துப் பேசினாள், அதையும் நான் மறக்கப் போவதில்லை.

இப்போது கதவு விஷயம். உன் அப்பாவும் சித்தப்பாவும் வீட்டை இரண்டாகப் பிரித்தபோது நடுக்கதவைச் சுவர் வைத்து அடைப்பதாகப் பேச்சு. கொத்தனாருக்கு யார் சொல்லி அனுப்புவது என்பதில் இரண்டு பேருக்கும் வீம்பு. கடைசியில் நாம் தாழ்ப்பாளைப் போட்டுப் பீரோவை நகர்த்தி வைத்தோம், அந்தப் பக்கமும் எதையாவது வைத்திருப்பார்கள் என்று இருந்துவிட்டோம். பீரோவை எடுத்த பிறகு வந்தவர்கள் அந்தக் கதவைச் சுவர் அலமாரி என்று நினைத்தார்கள், நானும் இல்லை என்று சொல்லவில்லை. உன் சித்தியோடு எனக்குப் பேச்சு நின்றது ஏன் என்று உனக்குத் தெரியாது. உன் அத்தை வந்திருந்த அன்று, மழை, சித்தி கையில் பாதி உரித்த வெங்காயம், என்னை வைத்துக்கொண்டே, அக்கா வீடு குடோன் மாதிரி இருக்கு, மூட்டைதான் பாக்கி என்றாள். அதே வாரம் என் தையல் கத்தரிக்கோலை வாங்கிப் போனாள், கறுப்புப் பிடி போட்டது, என் அம்மா கொடுத்தது. நாளைக்குத் தரேன் என்றாள். அந்த நாளைக்கு வரவேயில்லை.

வேஷக்காரி காற்று வரட்டும் என்று எண்ணெய் விட்டு நம் பக்கத்துத் தாழ்ப்பாளை நீக்கியிருக்கிறாள். தள்ளினால் கதவு திறந்துகொண்டது. அந்தப் பக்கம் பீரோவும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை, சித்தி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாளாம். இது திறக்கிற கதவா என்று இவள் கேட்டதற்கு, இந்தப் பக்கம் எப்பவும் திறந்துதாம்மா கிடக்கு, அந்தப் பக்கத்தைக் கேளு என்றாளாம். இதை எனக்குச் சொன்னது புரோக்கர்.

அன்றைக்கு வீடு பார்க்க வந்தது ஒரு நர்ஸ் பெண், அவள் புருஷன், அவளுடைய அப்பா. பெரியவர் அந்த ஆப்பிளை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு யாரும் பார்க்காதபோது திரும்ப வைத்தார். அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது, ஆனால் அடுத்த வீட்டுக்குள் திறக்கிற கதவோடு எப்படி வாங்குவது, அதை அடைத்துக் கொடுத்தால் முடித்துக்கொள்கிறோம் என்றார்கள். அடைத்தால் அந்தப் பக்கமும் பூச வேண்டும், சித்தி சம்மதிக்க வேண்டும், நீங்களே கேட்டால்தான் நடக்கும் என்று புரோக்கர் கையை விரித்துவிட்டார். மாப்பிள்ளையின் சோபாவை நினைத்துக்கொண்டேன். தெரு சுற்றிப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று அந்தக் கதவு வழியாகவே போய்க் கேட்டேன். அடைச்சுக்கோங்க அக்கா, அதுக்கு முன்னாடி ஒரு தடவை வீட்டைப் பார்த்துடறேன் என்று எழுந்து வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. எல்லா அறையும் சுற்றிவிட்டு, இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு என்றாள். எல்லாம் வாடகை என்றேன். நடந்த களைப்பில் அந்தக் கட்டிலில் உட்காரப் போனாள். அட்டைப்பெட்டி என்று நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பெட்டி நசுங்கி உள்ளே போனவளைக் கை கொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று. முதலில் சிரித்தது அவள்தான், நான் இல்லை, இது உனக்குத் தெரிந்திருக்கட்டும். வேஷக்காரி வந்து பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் திட்டினாள்.

கொத்தனார் வந்து செங்கல் வைத்தார், நான் இந்தப் பக்கம் நாற்காலியில், அவள் அந்தப் பக்கம். மேலே கொஞ்சம் சந்து மிச்சம் இருக்கும்போது சித்தி, கொஞ்சம் இருப்பா என்று அவரை நிறுத்திவிட்டு உள்ளே போய் எதையோ எடுத்துவந்து சந்து வழியாக நீட்டினாள். கொத்தனார் வாங்கி என்னிடம் கொடுத்தார். என் கத்தரிக்கோல். நான் பதில் சொல்வதற்குள் அவர் அடுத்த கல்லை வைத்துவிட்டார். உன் அக்கா வீட்டுக்கு வந்து துணி வைத்து வெட்டிப் பார்த்தேன். ஒரு பொட்டுத் துரு இல்லை, நன்றாகச் சாணை பிடித்திருக்கிறது. அப்படியென்றால் இத்தனை வருஷமும் அதை வைத்து வெட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

நர்ஸ் பெண் வீட்டார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டார்கள். புரோக்கர் உனக்கு அனுப்பின தாளில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு, தள்ளிப்போடாதே, நீ தள்ளிப்போடுகிறவன். பேத்திக்கு முடி வெட்டின போட்டோ பார்த்தேன், நெற்றியில் கோணல், இனிமேல் வீட்டில் வெட்ட வேண்டாம். மருமகள் வேலை முடிந்து வந்து தூங்கும்போது எழுப்பாதே. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. சித்தி உனக்குப் போன் செய்தால் கத்தரிக்கோலைப் பற்றி வாய் திறக்காதே. அதை நானே நேரில் கேட்டுக்கொள்கிறேன், தெரு சுற்றிப் போனாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா