தென்மதகுக்குச் சென்ற பாதிச் சொல்

நீலமுகட்டு அரியணையில் அமர்ந்து, ஏரிநாடும் மலைநாடும் ஒரு குடைக்கீழ்க் காத்துவரும் கோப்பெருந்தேவி நிலவுமொழியாள், தென்புலக் கோட்டத்து மதகுநாயகர் கொற்றன் வேளானுக்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டத்து மாந்தர் நலமுறுக. உம் கழனிகள் விளைக. உம் கண் இவ்வோலையின் கடைசி வரியை எட்டுமுன் உம் கை எச்செயலிலும் இறங்காதிருக்க.

பேரேரியின் வடகரை கசிகிறது என்ற செய்தி இன்று காலை எம் அவைக்கு வந்தது. உம் தென்மதகைத் திறந்தால் எம் கரைக்குப் பாரம் குறையும். ஆயின் மதகின் கீழுள்ள பள்ளத்தூர்கள் யாவும் நீரில் ஆழும். இந்நாளை முன்னறிந்த எம் முன்னோர், மதகின் கண்களை எந்த முறையில் திறப்பது, அதற்குமுன் எவ்வூராரை எந்த மேட்டில் ஏற்றுவது என்பனவற்றைச் செப்பு வட்டுகளில் பொறித்துச் சென்றனர். நீர்ச்சக்கரத்தால் வட்டு சுழல, முள் தடவ, எழுத்து ஒவ்வொன்றாய் வெளிப்படும். அதை ஓலையில் எடுத்து ஆடிமாடத்திற்கு ஏற்றினால், வெண்கல ஆடிகள் வெயிலை மின்னல்களாக்கி மலைக்கு மலை எறிந்து உம்மிடம் சேர்க்கும். பழைய வட்டையும் புதிய ஆடியையும் இணைக்கும் பொறுப்பு எம் ஓலைநாயகர் சாத்தன் எழினியாருடையது.

மேற்கே கருமுகில் திரண்டிருந்தது. வெயில் நான்கு நாழிகைக்குமேல் நிற்காது என வானறிவோர் உரைத்தனர். அனுப்பவேண்டிய செய்தியோ ஆயிரம் எழுத்து. எழினியார் ஆடிமாடத் தலைவி காடன் வெண்ணியை வினவ, ஆடி நாழிகைக்கு ஆயிரம் குறி எறியும் என்றார் அவர். வட்டு நாழிகைக்கு ஐந்நூறு குறி தருவதை எழினியார் அறிவார். ஆகவே ஒளியின் விரைவு வட்டினும் இருமடங்கு. வட்டு நிற்கும்போது செய்தியும் சென்று சேர்ந்திருக்கும். இரண்டு நாழிகை போதும் என்று எம்முன் உறுதி கூறினார். நாமும் தலையசைத்தோம்.

வட்டறையார்க்குக் குறி என்பது ஓர் எழுத்து. ஆடிமாடத்தார்க்குக் குறி என்பது ஒரு மின்னல். ஓர் எழுத்தைக் காட்ட எட்டு மின்னலும், அதன் முதலும் முடிவும் பிரித்தறியக் காவல் மின்னல் இரண்டும் வேண்டும். ஆக, ஆடி நாழிகைக்கு எறிந்தது நூறு எழுத்தே. ஒரே சொல்லை இருவரும் உரைத்தனர். அதன் பொருள் என்னவென்று ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.

வட்டு தன் வேலையை முடித்து நின்றதும், எழினியார் மனம் குளிர்ந்து மாடமேறினார். படியெங்கும் தொடப்படாத ஓலைகள் குவிந்து கிடந்தன. அங்கு நிகழ்ந்த பேச்சை, அவர் வாய்மொழியாய்க் கேட்டவாறே எழுதுவிக்கிறோம்.

“இன்னும் இவ்வளவா கெடக்கு? நாழிகைக்கு ஆயிரம் குறின்னு சொன்னீங்களே, வெண்ணி!”

“ஆயிரந்தான் போகுது, ஐயா. ஒரு எழுத்துக்குப் பத்து மின்னல் போடணும். நான் என்ன செய்யட்டும்?”

அனுப்பி முடிந்த ஓலைகளை எழினியார் புரட்டிப் பார்த்தார். மதகு திறக்கும் முறையே சென்றிருந்தது; மக்களை மேடேற்றும் முறை குவியலின் அடியில் கிடந்தது. வட்டின் வாக்கு அரச வாக்கு. அதை இடையில் வெட்டுபவன் கையை இழப்பான் என்பது எம் குலச் சட்டம். வானறிவோர் உரைத்ததினும் முன்னதாகவே முகிலின் விளிம்பு கதிரவனைத் தொட்டது.

“வட்டை விடுங்க, ஐயா! நாலு எழுத்து சொல்லுங்க, போட்டுடறேன். வெயில் போய்க்கிட்டே இருக்கு” என்று வெண்ணி கெஞ்சினார்.

அப்போதும் எழினியார் அச்சட்டத்தை எண்ணித் தயங்கினார். அந்தத் தயக்கத்தில் எத்தனை மின்னல் வீணாயின என்பதை அவரும் அறியார். கடைசியில், “திறவாதே. அதை மட்டும் அனுப்புங்க” என்றார்.

வெண்ணி ஆடியைத் திருப்பினார். முதல் எழுத்து சென்றது. இரண்டாம் எழுத்தும் சென்றது. வெண்கலம் கறுத்தது. ஆடியை இப்புறமும் அப்புறமும் சாய்த்து ஒளி தேடினார். வானில் ஒரு கீற்றும் இல்லை.

“ரெண்டு எழுத்து போயிடுச்சு, ஐயா. ரெண்டு நிக்குது.”

“எந்த ரெண்டு?” என்று எழினியார் கேட்டார், அறிந்திருந்தும்.

கொற்றன் வேளானே, உம் மாடத்தில் நீர் கடைசியாய்க் கண்ட சொல் ‘திற’ என்பதாகும். அது எம் ஆணை அன்று. ஆணையின் மறுபாதி எம் ஆடியிலேயே அணைந்துபோயிற்று.

எழினியார் எம்முன் வந்து வலக்கையை நீட்டினார். குதிரையின் கடிவாளம் பிடிக்க அது வேண்டும் என்றும், உம்மை அடைந்தபின் எடுத்துக்கொள்ளலாம் என்றும் வேண்டினார். இசைந்தோம். இவ்வோலையைக் கொணர்பவர் அவரே. மலைப்பாதையில் மழை பிடித்துவிட்டது. குதிரை எவ்வளவு ஓடினாலும் ஒளியாகாது.

ஆகவே கட்டளையிடுகிறோம். திறவாதீர். திறந்திருந்தால், கதவுகள் இறங்கும் மட்டும் இறக்குக. பள்ளத்தூரார் அனைவரையும் ஆடுமாடுகளோடு கீழைமேட்டில் ஏற்றுக. கடைசி ஆள் ஏறிய பின்னரே மதகில் கைவைக்க. அதுவரை எம் கரை தாங்கினால் தாங்கட்டும். இதை எழுதுவிக்கும்போதே அரண்மனைக் கீழ்த்தளத்துக் கற்களிடையே நீர் ஊறுகிறது. எம்பொருட்டு விரையற்க.

எழினியாரை எம்மிடம் திருப்பி அனுப்ப வேண்டா. மேடேறிப் பிழைத்த மாந்தரே அவருக்குத் தீர்ப்புரைக்கட்டும். உரைக்க ஒருவரும் எஞ்சவில்லையெனில், அவர் அங்கேயே இருக்கட்டும்.

அரக்கு உலரக் காத்திராது, ஈர இலச்சினையோடு விடுத்தோம். இது கோப்பெருந்தேவி வாக்கு. இதில் குறைந்த எழுத்து ஒன்றுமில்லை.