பிசியோ அம்மா பக்கத்து இருக்கை

அன்புள்ள சிட்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், நீ அங்கே ஆஸ்பத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவருகிறாய் என்ற நினைப்பில்தான் இங்கே எங்களுக்குச் சாப்பாடு இறங்குகிறது. என்னைப் புது பஸ் ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள், முழுக்கச் சந்தும் வேகத்தடையும், வண்டியை விட்டு இறங்கினால் இடுப்பு என்னுடையதா என்று தொட்டுப் பார்க்கவேண்டியிருக்கிறது. உன் அறைக்கு வெள்ளையடித்தே தீருவேன் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்று உன் கட்டிலைக் கூடத்தின் நடுவில் போட்டுவிட்டாள், நான் அதைச் சுற்றிக்கொண்டு குளிக்கப் போகிறேன்.

உன் கடிதம் வந்தது. அதற்குப் பதில் எழுதும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு உன் பிசியோ அம்மாமேல் பொறாமை. மூடி மறைக்க என்ன இருக்கிறது, வயிறு எரிகிறது. அவர் என்று மரியாதையாக எழுதச் சொல்கிறாள் உன் அம்மா, எனக்கு வரவில்லை. போன மாதம் போனில், "அப்பா, இன்னைக்கு பஸ்ல உக்காந்தே போனேன், அவங்க பக்கத்துல இருந்தாங்க" என்று நீ சொன்னதும் அம்மா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள், நான் போனை அவளிடம் கொடுத்துவிட்டுச் சட்டைக்குப் பொத்தான் தைக்கப் போய்விட்டேன். கல்லூரிக்குப் போன காலமெல்லாம் என் வண்டியில் எத்தனை இடம் காலியாகக் கிடந்தாலும் என் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேதான் வருவாய், கண்டக்டர் உட்காரச் சொன்னால், "இல்லண்ணே, அப்பாகிட்ட நிக்கிறேன்" என்பாய். டிப்போ முழுக்க அதைச் சொல்லிப் பெருமையடித்தவன் நான். அது பாசம் இல்லை, உட்கார்ந்தால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டிவிடும் என்ற பயம், சாப்பிட்டதைக் கரைக்க விடியுமுன்னே எழுந்து ஓடுவாயே, அந்த ஓட்டத்தைப்போல இதுவும் நோய்தான் என்று எனக்கு எடுத்துச் சொன்னவளும் அவளே. எனக்கென்று இருந்த அந்தச் சந்தோஷத்தையும் பிடுங்கிக்கொண்டாள்.

சண்டை போடத்தான் அவளுக்குப் போன் செய்தேன். ஓடுவதை நிறுத்தத்தானே அனுப்பினோம், நீ எப்படி என் மகளைக் கை காலை நீட்டி மடக்க வைக்கலாம் என்று கேட்டேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. முதலில் சாப்பாடும் நாடித்துடிப்பும் சரியாகவேண்டும், அதுவரை ஓய்வுதான், டாக்டர் சரி என்ற பிறகு மெதுவாக, கூட ஒருவர் இருக்க, எத்தனை தடவை என்று எண்ணாமல் உடற்பயிற்சி செய்யப் பழகவேண்டும் என்றாள். நாங்கள் உன் ஷூவை ஒளித்துவைத்ததும் நீ குளியலறையில் குதிக்கத் தொடங்கினாயே, அதைச் சொன்னேன். "தடுத்தா மட்டும் போதாது சார், சும்மா உக்காந்தா அவளுக்கு ஒரு பயம் வருது, அது தானா அடங்குறதை அவளே பார்க்கணும், அதுவரைக்கும் நான் பக்கத்துல இருப்பேன்" என்றாள். பக்கத்தில் இருப்பாளாம். நான் இருக்கவேண்டிய இடம் அது.

இப்போது உன் கடிதம். அந்த அம்மாவைக் கண்டாலே பிடிக்கவில்லை, சாப்பிட்டு முடித்தால் எழுந்திருக்க விடுவதில்லை, எனக்கு நீங்கதான் வேணும், வந்து கூட்டிட்டுப் போங்கப்பா என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது, பொய் சொல்லமாட்டேன். சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். லீவு கேட்டு எழுதிக்கொடுத்தேன், ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். அம்மாதான் போட்டு உடைத்தாள். "அந்தம்மா உக்காரச் சொன்னா உக்காந்தே ஆகணும், நீங்கன்னா கெஞ்சினா விட்டுடுவீங்க, அதுக்குத்தான் உங்களைக் கூப்பிடுறா" என்றாள். கோபித்துக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். ஆனால் அவள் சொன்னது சரி. நீ அழுதால் நான் விட்டுவிடுவேன், அது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

அதனால் நான் வரவில்லை, சிட்டு. டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டேன். அங்கே எல்லோரும் சரி என்று சொல்லும்வரை நீ அங்கேயே இரு. என்மேல் ஆத்திரம் வரும், வரட்டும், அதையும் அவளிடமே சொல்லி அழு. அவளைவிட என்னை உனக்குப் பிடிக்கவேண்டும் என்று ஆசைதான், ஆனால் அதற்கு விலை உன் உயிர் என்றால் எனக்கு அது வேண்டாம்.

நூறு வயது இருப்பாய், எங்கள் ஆயுளையும் சேர்த்து வாழ்வாய். இருமல் மருந்தை மறக்காதே. சாப்பிட்டவுடன் கால் துறுதுறுத்தால், அவள் கையைப் பிடித்துக்கொள்.

இப்போதைக்கு மட்டும் விட்டுக்கொடுக்கும்,
உன் அப்பா