நாற்பத்தொரு பிழைகள்

கே.கே. நகர், மதுரை
19 ஜூன் 2025

அன்புள்ள முத்துச்செல்விக்கு,

நலம் என்று எழுத மாட்டேன். நான்கு நாளாக எனக்கு இரத்த அழுத்தம் நூற்று எழுபதில் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நான் காலைப் பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து நீ பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். சாவி சாப்பாட்டு மேசையில் இருந்தது. மாடி அறையைப் பெருக்கி, தலையணை உறையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாய். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் இப்படிச் சுத்தம் செய்துவிட்டுப் போய் நான் பார்த்ததில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. எஸ்தரிடம் முகவரி வாங்கி எழுதுகிறேன். மாட்டுத்தாவணிப் பக்கம் லேடீஸ் ஹாஸ்டல், அறைக்கு ஆறு பேர் என்று சொன்னாள்.

நான் செய்த தவறு என்ன? குழந்தைகள் இல்லத்தை விட்டுப் பதினெட்டு வயதில் வெளியே வரும் பிள்ளைகளுக்கு யாராவது ஓர் அறை தர முடியுமா என்று எஸ்தர் எங்கள் கோவிலில் வந்து கேட்டபோது, எல்லோரும் அவர்களுக்காக ஜெபிப்பதாகச் சொன்னார்கள். நான் அறையைத் தந்தேன். அவள் நடத்திய ஒரு நாள் வகுப்பில் எழுபத்தாறு வயதில் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு மனதில் பட்ட அடி வெளியே தெரியாது, சத்தம் போடாதீர்கள், தட்டாமல் கதவைத் திறக்காதீர்கள், எதையும் திடீரென்று மாற்றாதீர்கள் என்றாள். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். எட்டு மாதத்தில் ஒரு நாளாவது உன் கதவைத் தட்டாமல் திறந்தேனா?

வெள்ளிக்கிழமை நீ என் அறைக் கதவுக்கு அடியில் நான்கு பக்கக் கடிதம் ஒன்றைத் தள்ளிவிட்டிருந்தாய். குரூப் ஃபோர் தேர்வுக்குத் தமிழ் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டவள் நீ. வேறு எதற்காக எழுதியிருப்பாய்? உட்கார்ந்து திருத்தினேன். நாற்பத்தொரு பிழைகள். 'முயற்ச்சி' என்று இரண்டு இடத்தில். மறுநாள் காலை உன் மேசையில் வைத்தேன். அதற்கு அடுத்த நாள் நீ இல்லை.

நேற்று எஸ்தர் போனில், "டீச்சர், அவ எழுதுனத நீங்க படிச்சீங்களா?" என்று கேட்டாள். படிக்காமல் எப்படித் திருத்துவது என்றேன். அவள் முகவரியை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

நீங்கள் இருவரும் பேசாமல் இருந்தால் எனக்கு என்ன விளங்கும்? பதில் எழுது.

இப்படிக்கு,
ரோஸ்லின் ஞானமுத்து


மாட்டுத்தாவணி
27.6.2025

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

வணக்கம். மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள். காலை மாத்திரை நீல டப்பாவில் இருக்கிறது.

நான் கோபத்தில் போகவில்லை.

எனக்கு முக்கியமானதை வாயால் பேச வராது. அது எஸ்தர் அக்காவுக்குத் தெரியும். அதனால்தான் எழுதினேன். நாலு நாள் ஆனது. அது தமிழ்ப் பாடம் இல்லை.

எனக்கு ஆறு வயதில் சித்தப்பா எழுமலையிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். சித்திரைத் திருவிழா பார்க்கப் போகலாம் என்றார். ஒரு இல்லத்து வாசலில் விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நாலு இல்லம் மாறினேன். ஒரு தடவைகூட முன்னாடி சொன்னதில்லை. காலையில் எல்லோரையும் நிற்க வைத்துப் பேர் வாசிப்பார்கள். பேரோடு 'பை' என்று சேர்த்துச் சொன்னால் அன்றைக்கு வேறு இடம். "முத்துச்செல்வி, பை." அவ்வளவுதான். எங்கே என்று கேட்டால் வேனில் ஏறினால் தெரியும் என்பார்கள்.

இந்த மாத ஆரம்பத்தில் உங்கள் மகன் ஆன்சன் அண்ணனிடம் நீங்கள் போனில், "ஆகஸ்ட்ல வாங்க, மாடி ரூம காலி பண்ணி வைக்கிறேன்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. ஒட்டுக்கேட்கவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டு இருந்தேன். அறை உங்களுடையது. போகச் சொன்னால் போவேன். தேதி மட்டும் முன்னாடியே தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அதைக் கேட்பதற்குத்தான் இல்லத்துக் கதை எல்லாம் எழுதினேன். மூன்றாவது பக்கத்தில் இருந்தது. "நான் எந்த தேதியில் போகணும் டீச்சர்" என்று.

'எந்த' பக்கத்தில் ஒரு 'த்' போட்டிருந்தீர்கள். 'போகணும்' என்பதை அடித்து 'போகவேண்டும்' என்று எழுதியிருந்தீர்கள். கடைசியில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தீர்கள்.

பதில் போடவில்லை.

பேர் வாசிக்கும் முன்னாடி நானே பையை எடுத்துவிட்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவை அப்படிச் செய்தேன். அதனால் வருத்தம் இல்லை.

பரிதாபப்பட்டு எதுவும் எழுத வேண்டாம். இதைத் திருத்தியும் அனுப்ப வேண்டாம்.

முத்துச்செல்வி


கே.கே. நகர், மதுரை
2 ஜூலை 2025

அன்புள்ள முத்துச்செல்விக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை மனம் தானாகப் பிழையை எண்ணியது. மறைக்க மாட்டேன். மூன்றாம் முறை எண்ணவில்லை.

என் தாய் இறந்த பிறகு, ஒன்பது வயதில், கான்வென்ட் விடுதியில் என்னைச் சேர்த்தார்கள். ஞாயிறுதோறும் அப்பாவுக்குக் கடிதம் எழுத வேண்டும். எழுதியதைச் சிஸ்டர் திருத்துவார்கள். பிறகு நல்ல தாளில் பார்த்து எழுதினால்தான் தபாலுக்குப் போகும். ஒரு முறை, அப்பா, என்னை வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று எழுதினேன். அந்த வரியை அடித்துவிட்டு, 'இங்கே நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்' என்று மேலே எழுதினார்கள். நானும் அப்படியே பார்த்து எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருந்தது என்று அப்பா பதில் போட்டார். இதை நான் இதுவரை ஒரு குறையாக நினைத்ததே இல்லை. முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் நானும் அதைத்தான் செய்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் செய்தேன்.

இப்போது ஆன்சன் விஷயம். அவன் மனைவி பிள்ளைகளோடு வருவது ஆகஸ்ட் 9. மஸ்கட்டுக்குத் திரும்புவது ஆகஸ்ட் 30. அந்த மூன்று வாரம் நீ கீழே என் அறையில் இன்னொரு கட்டிலில் படுத்துக்கொள்வாய் என்று நான் முடிவு செய்திருந்தேன். உன்னை அனுப்ப நினைக்கவே இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. என் வீட்டில் யார் எங்கே படுப்பது என்று நான் யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை. எதையும் திடீரென்று மாற்றாதீர்கள் என்று அந்த வகுப்பில் குறித்துக்கொண்டவள், அது இதற்கும் பொருந்தும் என்று நினைக்கவில்லை. எங்கேயோ தவறிவிட்டேன் என்று எனக்கு என்மேல் வந்த எரிச்சலை உன்மேல் காட்டித்தான் முதல் கடிதத்தை எழுதினேன்.

ஆன்சனிடம், மாடியில் ஆள் உண்டு, நீங்கள் ஹாலில் படுங்கள் என்று சொல்லிவிட்டேன். "ஹால்ல படுக்கவா டிக்கெட் போட்டு வாரோம்?" என்றான். இரண்டு நாளாகப் பேசவில்லை. பேசுவான்.

என்றைக்கும் இங்கேயே இரு என்று எழுதலாம். எழுதினால் அது பொய். என் வயதில் 'என்றைக்கும்' என்ற சொல்லுக்கு நான் பொறுப்பேற்க முடியாது. அதனால் நீ கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

2026 மே 31 வரை மாடி அறை உன்னுடையது. அதற்கு மேல் என்ன என்பதை மார்ச் மாதமே உட்கார்ந்து பேசுவோம். நடுவில் எனக்கு ஏதாவது ஆனால்கூட உனக்கு மூன்று மாதம் அவகாசம் தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு எஸ்தரிடம் கொடுத்திருக்கிறேன்.

மன்னிப்பு என்ற சொல்லை என் கணவருக்குக்கூட எழுதியதில்லை. உனக்கு எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

இருபதாம் தேதிக்குள் பதில் எழுது. காத்திருப்பது எனக்கு வராது.

அன்புடன்,
ரோஸ்லின் ஞானமுத்து


மாட்டுத்தாவணி
14.7.2025

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

வணக்கம். சனிக்கிழமை தேர்வு எழுதினேன். தமிழ் சுலபமாக இருந்தது. கணக்குதான் நேரம் போதவில்லை.

உங்கள் கடிதத்தைப் பக்கத்துக் கட்டில் தமிழ்ச்செல்வியிடம் வாசித்துக் காட்டினேன். "இம்புட்டு எழுதியிருக்காக, இன்னும் என்னடி யோசனை? பைய எடு" என்றாள். அவளுக்குத் தெரியாது. அந்த வார்த்தையைக் கேட்டதும் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதனால் நான் திரும்பி வரவில்லை டீச்சர். உங்கள்மேல் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அது மட்டும் காரணம் இல்லை. இனிமேல் அங்கே இருந்தால் நீங்கள் போனில் பேசும்போதெல்லாம் நான் காது கொடுப்பேன். நீங்களும் எனக்காகப் பார்த்துப் பார்த்துப் பேசுவீர்கள். அது உங்களுக்குக் கஷ்டம், எனக்கும் கஷ்டம். இங்கே ஆறு பேர் சத்தம்தான். ஆனால் வெளியேறச் சொல்வதாக இருந்தால் ஒரு மாதம் முன்னாடி எழுதித் தர வேண்டும் என்று வார்டனிடம் கேட்டு வாங்கிவிட்டேன். அவர்கள் யாருக்கும் அப்படிக் கொடுத்ததில்லையாம்.

ஆன்சன் அண்ணனை மாடியிலேயே படுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் பாவம்.

உங்கள் அப்பாவுக்கு அந்த வரி கடைசிவரை தெரியாதா? அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

இல்லத்தில் மாதத்தில் இரண்டாம் ஞாயிறு விசிட்டர் நாள். எனக்கு யாரும் வந்ததில்லை. நானும் யார் வீட்டுக்கும் விசிட்டராகப் போனதில்லை. எங்கே போனாலும் தங்கத்தான் போனேன்.

இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வாரேன். கைப்பை மட்டும்தான் கொண்டுவருவேன். ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவேன். இருக்கச் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
முத்துச்செல்வி