ராசம்மா இரண்டு

என் ராசம்மாவுக்கு,

உம்மைப் பெயர் சொல்லி நான் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. நீர் உயிரோடு இருந்தபோது "இஞ்சாரும்" என்றால் திரும்பிப் பார்ப்பீர். இப்போது நான் எழுதப் பழகிவிட்டேன். வாசிகசாலையில் பின்னேர வகுப்பு. மெல்லத்தான் வருகிறது, ஆனாலும் வருகிறது.

நம் மகள் மாலா கிளிநொச்சியில் ஒரு ஸ்ரூடியோவில் கொம்பியூட்டர் வேலை பார்க்கிறாள். முல்லைத்தீவில் நம் வீட்டுச் சுவரையும் அதில் தொங்கிய உம்முடைய படத்தையும் கடல் கொண்டுபோனது. அதற்கு முன்னமே அவள் அந்தப் படத்தைப் பிரதியெடுத்துக் கொம்பியூட்டர்ப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். இனி உம்முடைய முகம் அங்கே மட்டும்தான்.

பெட்டிக்குள் ஸ்ரூடியோப் படங்கள் ஊருக்கொரு அறையாகக் கிடந்தன, ஒவ்வொன்றும் ஆளின் பெயரில். எல்லாவற்றையும் மாலா ஒரே இடத்தில் சேர்க்கப் போகிறாளாம். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதுமாம்.

"பிள்ளை, ராசம்மா ரெண்டு பேர் எல்லே? ஒண்டுக்கு மேல ஒண்டு விழுந்தால்?"

"முதல் இருந்தது அழிஞ்சிடும் அப்பா. அதுதான், ஒரே பேர் வந்தால் நம்பர் போடு எண்டும் பெட்டிக்குச் சேர்த்துச் சொல்லுறன். செய்ய முதல், என்ன செய்யப் போறாய் எண்டு காட்டவும் சொல்லலாம். இந்தாங்கோ, வாசியுங்கோ."

விரல் வைத்து வரி வரியாக வாசித்தேன். ராசம்மா-1. ராசம்மா-2. இருவரும் இருந்தீர்கள். "ஓம், தட்டு" என்றேன்.

ஒன்றாம் நம்பர் யார் தெரியுமோ? பளையிலிருந்து வந்து பக்கத்து வளவில் குடியிருந்தாளே, கோழிக்காக உம்மோடு வேலியில் சண்டை பிடித்தவள், அவள்தான். பளைப் படங்கள் முதலில் வந்ததால் உமக்கு இரண்டு. வட்டக்கச்சிச் சந்தையில் கண்டபோது அவளிடம் சொன்னேன்.

"செத்தும் என்னோட சண்டைக்கு வாறாவோ? சரி அண்ணை, ஒண்டாம் நம்பரை அவவுக்கே குடுங்கோ. நான் உயிரோடதானே இருக்கிறன்."

மாற்றுவது அவ்வளவு லேசில்லை. ஒன்றில் ஆள் இருக்கும்போது இரண்டு அங்கே போக முடியாது. யாராவது ஒருவர் முதலில் வேறு பெயருக்கு எழும்ப வேண்டும்.

"அம்மாவைக் கொஞ்ச நேரம் என்ன பேரில வைப்பம்? நீங்களே தட்டுங்கோ" என்றாள் மாலா.

எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டினேன்: இஞ்சாரும்.

மாலா சிரித்தாள். "வன்னியில அரைவாசிப் பொம்பிளையளுக்கு இதுதானே அப்பா பேர்."

"எழுதி வைச்சவன் நான் ஒருத்தன்தான்" என்றேன்.

பிறகு உம்மை அங்கிருந்து எழுப்ப மனம் வரவில்லை. ஒன்றாம் நம்பர் பளை ராசம்மாவிடமே இருக்கட்டும். உமக்கு நம்பர் எதற்கு?

இனி எத்தனை பெட்டி மாறினாலும் அந்தப் பெயரிலேயே உம்மைக் கொண்டுபோவேன். தட்டுவதற்கு முன் நானே வாசித்துப் பார்ப்பேன். கூப்பிடும்போது திரும்பிப் பாரும்.

நீரும் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாத,
மாலாவின் அப்பா