பத்தியச் சோறு

எறையூர்,
21.1.2002

அன்பு மகள் புவனேஸ்வரிக்கு,

அப்பா இராமலிங்கம் எழுதுவது. நீயும் மாப்பிள்ளை அன்பழகனும் சுகமாக இருக்க மதுரகாளி துணை. பயப்படாதே என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். பெரம்பலூரில்தான் செய்தோம். பித்தப்பையில் கல். எடுத்த கல்லை ஒரு டப்பாவில் போட்டு டாக்டர் என் கையில் கொடுத்தார். ஒன்று புளியங்கொட்டை அளவு, மற்றவை மிளகு மாதிரி.

அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சர்க்கரை மில்லில் முப்பது வருஷம் பாய்லர் பார்த்தவன் நான். தண்ணீரில் இருக்கும் உப்பு குழாயில் படிந்து படிந்து இப்படித்தான் கல்லாகும். அதற்கு இரண்டே வழி. உள்ளே போகும் தண்ணீரில் உப்பு இருக்கக் கூடாது. அடிக்கடி தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ள வேண்டும். உன் அத்தை ஆண்டாயியும் வந்து, "தையல் போட்ட ஒடம்புண்ணே, உப்பு ஆவவே ஆவாது" என்றாள். ஆகவே கண்டிப்பான பத்தியம். உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. மணிக்கொரு டம்ளர் சீரகத் தண்ணீர்.

சமையல் யார் என்று கேட்பாய். நான்தான். சிரிக்காதே. அடுப்பெரிப்பது எனக்கென்ன புதிதா? முதல் நாள் சோறு குழைந்துவிட்டது. இரண்டாம் நாள் பதமாக வந்தது.

நீ போன் பண்ண வேண்டாம். பக்கத்து வீட்டில் போய் ரிசீவரைக் காதில் வைத்தால் என் காதுக்கு இரைச்சல்தான் கேட்கிறது. கடிதமே போடு.

இப்படிக்கு,
உன் அப்பா

&nbsp;

ஷார்ஜா,
4.2.2002

அன்புள்ள அப்பாவுக்கு,

புவனா எழுதுகிறேன். இவ்வளவு பெரிய விஷயத்தை முடிந்த பிறகுதான் சொல்வீர்களா? நான் என்ன மூன்றாம் மனுஷியா? கடிதத்தைப் படித்து ஒரு மூச்சு அழுதேன். நீங்கள் சமைக்கும் இடம் வந்ததும் அழுகையோடு சிரித்துவிட்டேன். தண்ணீர் வேண்டுமென்றாலும் உட்கார்ந்த இடத்தில் இருந்து "இந்தா!" என்று குரல் கொடுக்கிற மனுஷர் சோறு வடிக்கிறாராம்! அவரிடம் காட்டினேன். "பாத்துக்கோ, மாமா எங்கேயோ போயிட்டாரு" என்கிறார்.

அம்மாவிடம் சொல்லுங்கள், அப்பா ஆக்கிப் போடுவதை முகம் சுளிக்காமல் சாப்பிடச் சொல்லுங்கள். இந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது. அம்மாவின் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
புவனா

&nbsp;

எறையூர்,
11.3.2002

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அதிர்ஷ்டம் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள்.

இனி எழுதப்போவதுதான் கவலை. ஆபரேஷன் ஆகி இரண்டு மாதமாகிறது. தையல் நன்றாக ஆறிவிட்டது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் உடம்பில் தெம்பே இல்லை. கொல்லைக்குப் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். தலைக்கு மேலே கையைத் தூக்கிச் சீவ முடியவில்லை. ஆண்டாயிதான் வந்து பின்னிவிடுகிறாள். பொழுதுக்கும் தூங்கி வழிகிறாள். குமட்டுகிறது என்கிறாள். நம் குஞ்சம்மாள்தானா இது என்று இருக்கிறது. கரும்புக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தவள்.

பெரம்பலூர் டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் சுத்தமாக இருக்கிறதாம். "வயசாயிடுச்சுல்ல பெரியவரே, மெதுவாத்தான் தேறும்" என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அறுபத்திரண்டெல்லாம் ஒரு வயசா?

என் பக்கம் குறை எதுவும் வைக்கவில்லை. சீரகத் தண்ணீரை இன்னும் கூட்டியிருக்கிறேன். இதுவரை ஒரு கல் உப்பு அவள் வயிற்றுக்குள் போகவில்லை. அவளுக்கு இல்லாதது எனக்கு எதற்கென்று நானும் அதையேதான் சாப்பிடுகிறேன். ஆண்டாயி நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்தாள். வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டேன். "சாப்ட்டியா, தண்ணி குடிச்சியா" என்று வேளைக்கு வேளை கேட்கிறேன். உன் அம்மாவும் வாயைத் திறந்து ஒரு குறை சொல்வதில்லை. தட்டில் போட்டதை அப்படியே சாப்பிட்டுவிடுகிறாள். பின் சாப்பாடெல்லாம் எங்கே போகிறது?

சில நேரம் எரிச்சல் வந்து, "மனசுல தைரியம் வேணும்டி" என்று சத்தம் போட்டுவிடுகிறேன். அப்புறம் கஷ்டமாக இருக்கிறது.

உன் அப்பா

&nbsp;

ஷார்ஜா,
25.3.2002

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கண்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அந்த டாக்டர் மேல்தான் எனக்குச் சந்தேகம். உள்ளே இன்னொரு கல்லை விட்டுவிட்டாரோ என்னவோ. வயசு என்று சொல்லித் தட்டிக் கழிக்கிறார். பெரம்பலூரோடு நிற்காதீர்கள், திருச்சிக்குக் கூட்டிப் போங்கள். உங்கள் கையைக் காலாக நினைத்துக் கேட்கிறேன், நாளை நாளை என்று தள்ளாதீர்கள்.

நீங்கள் பார்த்துக்கொள்வதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. பெற்ற பெண்கூட இப்படிச் செய்யமாட்டாள். அம்மாவைச் சத்தம் மட்டும் போடாதீர்கள் அப்பா.

உங்கள் மகள்,
புவனா

&nbsp;

திருச்சி,
9.4.2002

அன்பு மகளுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா பிழைத்துவிட்டாள். அதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு மேலே படி.

வெள்ளிக்கிழமை காலையில் குழாயடியில் விழுந்துவிட்டாள். தூக்கி உட்கார வைத்தால் என்னைப் பார்த்து, "சார், எங்க வூட்டுக்காரருக்கு ஷிப்ட் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்கிறாள். நான்தான்டி என்கிறேன், திரும்பவும் சார் என்கிறாள். காரை வைத்துத் திருச்சிக்குக் கொண்டுவந்தேன். வழியில் பாடாலூர் தாண்டும்போது பேச்சும் நின்றுவிட்டது.

இங்கே ஒரு லேடி டாக்டர். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். காதுக்குப் பக்கத்தில் வந்து, "வீட்ல யாரு சமைக்கிறது?" என்றார். "நான்தாங்கம்மா" என்றேன், பெருமையாகவே சொன்னேன். "உப்பு போடுறீங்களா?" "ஒரு கல்லுகூடப் போடுறதில்லீங்க. ஆபரேஷன் பண்ணதுலேர்ந்து சுத்தமா நிறுத்திட்டேன்."

அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். பித்தக் கல் வேறு, உப்பு வேறாம். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். பிரஷர் மாத்திரை உடம்பில் இருக்கும் உப்பை வெளியேற்றுமாம். சாப்பாட்டிலும் உப்பில்லாமல், மேலே தண்ணீரையும் ஊற்றிக்கொண்டே இருந்ததில் ரத்தத்தில் உப்பு வற்றிப் போயிருக்கிறது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நினைவு திரும்பியிருக்காதாம். இப்போது பாட்டிலில் உப்புத் தண்ணீர்தான் சொட்டுச் சொட்டாக ஏறுகிறது. நேற்று என்னை அடையாளம் தெரிந்தது. "நீங்க சாப்ட்டீங்களா?" என்றாள்.

நோயே இல்லை புவனா. நான்தான் நோய். பாய்லரும் பெண்டாட்டியும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். என் கையாலேயே ஊட்டி ஊட்டிக் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

அப்பா

&nbsp;

ஷார்ஜா,
22.4.2002

அப்பாவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. கோபம் அடங்கட்டும் என்று இரண்டு நாள் பொறுத்தேன், அடங்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

எல்லாம் உங்களுக்கே தெரியும் என்ற நினைப்பு உங்களுக்கு. என்றைக்காவது அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்கியிருக்கிறீர்களா? காது போனது பாய்லரால் என்று சொல்லாதீர்கள், அதற்கு முன்னாலும் அப்படித்தான். பத்தியம் எத்தனை நாளைக்கு என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க முடியாதா? அம்மாவும் உங்களுக்குப் பயந்தே வாய் திறக்காமல் தின்றிருக்கிறாள். அவள் ஆயுசு முழுக்க அப்படித்தானே.

முகம் சுளிக்காமல் சாப்பிடச் சொல்லுங்கள் என்று நானும் எழுதினேனே! அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஜூன் மாதம் வருகிறேன். அம்மாவை இங்கே கூட்டி வந்துவிடுகிறேன். விசாவுக்கு அவர் சொல்லிவிட்டார். இனி உங்களிடம் அவளை விட்டுவைக்க எனக்குத் தைரியமில்லை. ஆண்டாயி அத்தை உங்களுக்குச் சோறு கொடுக்கட்டும்.

புவனேஸ்வரி

&nbsp;

எறையூர்,
8.5.2002

கண்ணு புவனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கோணல்மாணலாகத்தான் இருக்கும், கூட்டிக் கூட்டிப் படித்துக்கொள். எனக்கு உடம்பு நன்றாகிவிட்டது. நேற்று நானே தலை சீவிக்கொண்டேன். பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அளவாக உப்புப் போட்டுச் சாப்பிடுகிறேன்.

உங்கப்பாதான் சரியாக இல்லை. உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். அடுப்படிப் பக்கம் வருவதே இல்லை. என் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. கண்ணு, நீ அவரைப் பேசியதில் பாதி எனக்குச் சேர வேண்டிய பேச்சு.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பும் அன்று நர்சம்மா என்னிடம் சொன்னாள். "இந்தாம்மா, தையல் ஆறுற வரைக்கும்தான் பத்தியம். அப்புறம் உப்பு ஒறப்போட நல்லா சாப்புடு, எண்ணெய மட்டும் கொறச்சுக்க." உங்கப்பா அப்போது மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

மறுநாள் காலையில் கண் விழித்துப் பார்க்கிறேன், இந்த மனுஷன் அடுப்பு முன்னால் குந்திக்கொண்டு ஊதுகிறார். "எந்திரிக்காத, படுத்துக்க, நான் பாத்துக்கறேன்" என்றார். நீ பிறந்த பத்தாம் நாளே எழுந்து உலை வைத்தவள் நான். காய்ச்சலென்றாலும் நான்தான், எங்கம்மா செத்த துக்கத்தோடும் நான்தான். சாப்ட்டியா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை இவர். இப்போது தட்டில் போட்டு எடுத்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டு முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தையல் ஆறிப்போச்சு என்று எனக்குத் தெரியும். சொன்னால் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விடுவார். இன்னும் இரண்டு நாள் போகட்டும், இந்த வாரம் போகட்டும் என்று சொல்லாமலே இருந்துவிட்டேன். உப்பில்லாத சோறு எனக்கு அமிர்தமாக இருந்தது. அது என்னை இந்தக் கதிக்குக் கொண்டுவரும் என்று சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா, அதுவும் தெரியவில்லை கண்ணு.

பயந்துகொண்டு சாப்பிட்டேன் என்று எழுதியிருந்தாய். பயம் இல்லை. ஆசை.

நான் அங்கே வரவில்லை. விசா வேண்டாமென்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு. ஜூனில் நீ வா, பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அதற்கு முன்னால் உங்கப்பாவுக்கு இரண்டு வரி நல்லபடியாக எழுதிப் போடு.

நேற்று அவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மெதுவாகச் சொன்னால் அந்தக் காதில் ஏறுமா? கத்தித்தான் சொன்னேன். பக்கத்து வீட்டில் மாவாட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்கப்பா, "அடிப் பாவி, எனக்கு ஆக்கிப் போடுய்யான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

"கேட்டிருந்தா போட்டிருப்பீங்களா?" என்றேன்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். மடித்தார். மறுபடியும் பிரித்தார்.

"மாட்டேன்தான்" என்றார்.

போட்டிருப்பேன் என்று ஒரு பொய் சொல்லிவிடுவாரோ என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். நான் போய் உலை வைத்தேன்.

உன் அம்மா,
குஞ்சம்மாள்