கண்ணாடியில் தெரிந்த பேய்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலம். உன் மூட்டுவலி தேவலையா? மாத்திரையை விட்டுவிடாதே.

பேய்ப்படம் ஒருவழியாக முடிந்தது. கொஞ்சம் பவுடரும் மையும் போதும், பேயை நான் வரவழைக்கிறேன் என்று முதல் நாளே சொன்னேன். பள்ளிக்கூடத்தில் படிக்காத மேக்கப்காரன் பேச்சை யார் கேட்கிறார்கள்? இயக்குநருக்குப் பேயின் தலை பிளந்து, மோட்டாரில் பன்னிரண்டு கைகள் வரவேண்டும். நேற்று படத்தைப் போட்டுக் காட்டினார்கள். கைகள் ஒன்றோடொன்று சிக்கி, பேய் தன் மூக்கையே பிடித்துக்கொண்டது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒரே ஒரு இடத்தில்தான் அலறினார்கள். அலமாரிக் கண்ணாடியில், கன்னம் ஒட்டிப்போன ஓர் உருவம்.

"பெரியவரே, இந்த மேக்கப்ப எப்ப போட்டீங்க? எனக்கே குலை நடுங்கிடுச்சு!" என்றார் இயக்குநர்.

மேக்கப்பாவது ஒன்றாவது! மோட்டார் ஒயரைப் பிடித்தபடி நின்ற என் உருவம்தான் தெரியாமல் கண்ணாடியில் விழுந்திருக்கிறது. வெளிச்சம் சரியில்லை, வேறொன்றுமில்லை.

இரண்டாம் பாகத்துக்கும் அதே கண்ணாடிப் பேய் வேண்டுமாம். "வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

என் சட்டைகள் தொளதொளக்கின்றன. இங்கே துவைக்கிற லட்சணம் அப்படி. ஓர் அளவு குறைத்து இரண்டு தைத்து வை.

வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். அடுத்த மாதம் வந்துவிடுவேன். கதவைத் திறக்குமுன் வாசல் விளக்கைப் போடு.

உன் வீட்டுக்காரன்