வெறுங்கையோடு திரும்பியது யார்

அக்கா,

வீடு மாறுகிறேன். பெட்டியில் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, வேலை அனுமதிக் கடிதங்களுக்கு நடுவிலிருந்து அந்த நகல் தாள்கள் நழுவி விழுந்தன. நவீனச் சீனக் கவிதை வகுப்பில் கொடுத்தவை. மூன்றாம் பக்கத்தில் சாம்பார்க் கறை. ஒவ்வொரு சீன எழுத்தின் தலைக்கு மேலும் பென்சிலால், தமிழில், உச்சரிப்பு: பாவ், ஷோவ், ஹுவெய். உங்கள் குண்டு குண்டான கையெழுத்து. பெட்டியை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வகுப்பு நினைவிருக்கிறது. புதன்கிழமை மாலை, பகுதிநேரப் படிப்பு. அறையில் சீன முகம் இல்லாதவள் நான் ஒருத்திதான். விரிவுரையாளர் உங்களைத்தான் முதல் கவிதையை வாசிக்கச் சொன்னார். எழுந்து நின்றீர்கள். தாளைப் பார்த்தீர்கள். எனக்குச் சீனம் படிக்கத் தெரியாது என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னீர்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். விரிவுரையாளர் சங்கடப்பட்டு அடுத்த நாற்காலிக்குக் கண்ணைத் திருப்ப, அங்கே நான் இருந்தேன். ஷாங்காயில் மூன்று வருடம் மென்பொருள் வேலை பார்த்த தைரியத்தில் வாசித்து முடித்தேன்.

உட்கார்ந்ததும் காதருகே ஒரு குரல். "நல்லா வாசிச்சம்மா. எந்த ஊரு?"

நான் திடுக்கிட்டுத் திரும்பினேன்.

"பயப்படாத. நான் தமிழ்தான். மூஞ்சி மட்டும் வேற."

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ரேஸ் கோர்ஸ் சாலை உணவகத்தின் மாடியில் சந்தித்தோம். நாற்பது நாள் குழந்தையாக ஒரு தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டவர் நீங்கள் என்று அங்கேதான் சொன்னீர்கள். தமிழில் வளர்ந்து, தமிழில் ஜெபித்து, தமிழில் தம்பியைத் திட்டி ஐம்பத்தெட்டு வயதாகியிருந்தது. பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் உங்களுக்கு வேலை. வருகிற சீனர்களெல்லாம் உங்களிடம் சீனத்தில்தான் ஆரம்பிப்பார்கள்; நீங்கள் ஆங்கிலத்தில் பதில் சொன்னால், பந்தா காட்டுவதாக நினைத்துக்கொள்வார்கள்.

வளர்த்த அம்மா போன பிறகு, அவர் பைபிளுக்குள் ஒரு முகவரி கிடைத்தது. விசாரித்ததில் பெற்ற தாய் இறந்துவிட்டார், ஒரு மூத்த சகோதரி மட்டும் இங்கேயே, தீவின் வடகோடியில், மார்சிலிங்கில் இருக்கிறார் என்று தெரிந்தது. போக வேண்டும். ஆனால் போய் நின்று என்ன பேசுவது?

"பேச்சு வகுப்புக்குப் போயிருக்கலாமே அக்கா, கவிதைக்கு ஏன்?" என்று கேட்டேன்.

"போனேன்லா. ஆப்பிள் என்ன விலைன்னு கேக்கச் சொல்லிக் குடுத்தாங்க. நான் அதையா போய்க் கேக்கப் போறேன்?"

பருவக் கடைசியில் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு கவிதையை வேறொரு மொழிக்குக் கொண்டுபோக வேண்டும். நாம் எடுத்தது ஏழு வரிக் கவிதை. ஒரு குழந்தையைத் தூக்கிப் போய், ஒரு வாசலில் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்புவது. அவ்வளவுதான். யார் தூக்கிப் போனது என்று ஒரு சொல் இல்லை. சீன வினைச்சொல் ஆணா பெண்ணா, நானா அவளா, நேற்றா இன்றா எதையும் சொல்லாது. தமிழில் ஒரு வினையை முடித்தால் போதும், எல்லாமே வெளியே வந்துவிடும்.

நான் 'திரும்பினாள்' என்று எழுதினேன்.

"அவள்னு எங்க இருக்கு? காட்டு," என்றீர்கள்.

"வேற யாரா இருக்கும்? அம்மாவாத்தானே இருக்கணும்?"

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"வாக்கியத்த எப்படியாவது முடிக்கணும்ல அக்கா."

"ஏன் முடிக்கணும்?"

'தூக்கிப் போய், கொடுத்து, வெறுங்கையோடு திரும்பி' என்று அந்தரத்தில் விட்டுவிடலாம் என்றீர்கள். அரைகுறையாக இருக்கிறது என்றேன். சாம்பார் ஆறிப்போகும்வரை வாதாடினோம். ஒப்படைக்கும் நாள் வந்தது. உங்களைக் கேட்காமல் 'திரும்பினாள்' என்றே அனுப்பிவிட்டேன். மதிப்பெண் நினைப்பு. எனக்குத்தான் இரண்டு மொழியும் எழுதப் படிக்கத் தெரியும் என்கிற எண்ணமும் இருந்தது. அதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

தெரிந்ததும் நீங்கள் கத்தவில்லை. "என்னப் பெத்த பொம்பளைய நான் பாத்ததே இல்ல. நீ எப்படிம்மா அத அவ மேல எழுதுன?" என்று மட்டும் கேட்டீர்கள். மூன்று வாரம் பேசவில்லை. நான்காவது வாரம் போன் வந்தது. "ஞாயித்துக்கிழமை மார்சிலிங் போறேன். கூட வா. கோவம் இன்னும் போகல, ஆனா நீ வேணும்."

கதவைத் திறந்தவரின் முகத்தைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். அதே நெற்றி, அதே மேலுதடு. மனப்பாடம் செய்து வைத்திருந்த நான்கு சீன வாக்கியங்களைச் சொன்னீர்கள். பிறகு இருவரும் அரைகுறை மலாயில் நலம் விசாரித்துக்கொண்டீர்கள். அதுவும் தீர்ந்ததும் இருவரும் என்னைப் பார்த்தீர்கள். அவர் சீனத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, நடுவில் ஆரஞ்சுப் பழங்கள்.

அம்மா எப்படிக் கொடுத்தார் என்று கேட்கச் சொன்னீர்கள். கேட்டேன். அவர் வெகுநேரம் பழத்தோலைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"அம்மா எழுந்திருக்கவே இல்லை. பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அப்பா என்னிடம் கொடுத்தார். நான்தான் தூக்கிப் போனேன். எனக்கு ஒன்பது வயது. அந்த வீட்டு அம்மா எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். வரும் வழியிலேயே தின்றுவிட்டேன்."

இதைத் தமிழில் சொன்னேன். 'நான்தான்' என்று சொன்னதுமே உங்களுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "அந்தப் பிஸ்கட்டத் தின்னதயா இத்தன வருஷம் மனசுல வச்சிருந்தீங்கன்னு கேளும்மா." அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. அவர் ஏற்கெனவே உங்கள் தோளில் சாய்ந்திருந்தார்.

மறுநாள் விரிவுரையாளருக்கு எழுதினேன்: 'திரும்பினாள்' தவறு, 'திரும்பி' என்பதே சரி, அது என் கூட்டாளியின் முடிவு. மதிப்பெண் மாறவில்லை. நீங்கள் என்னோடு பழையபடி பேச ஆரம்பித்தீர்கள்.

உங்களுக்கு அதன்பின் பதினான்கு மாதங்கள்தான் கிடைத்தன. ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பும்போது, மூளையில் ரத்தக்கசிவு. தேவாலயத்தில் முன்வரிசையில் உங்கள் தம்பிக்குப் பக்கத்தில் உங்கள் மூத்த சகோதரி, அவருக்கு மறுபக்கம் நான். பாதிரியாரின் தமிழ்ப் பிரசங்கத்தைச் சீனத்தில் அவருக்கு முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

இப்போதும் மாதம் ஒரு ஞாயிறு மார்சிலிங் போகிறேன். அவர் கேட்பதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். உங்களுக்குக் காரம் பிடிக்குமா? மழைக்குப் பயப்படுவீர்களா? தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததை உங்கள் தம்பியிடம் போனில் கேட்டுச் சொல்கிறேன். போன முறை, "அங்கே போன பிறகு ரொம்ப அழுதாளா?" என்று கேட்டார். ஐம்பது வருடத்துக்கு மேல் உள்ளே வைத்திருந்த கேள்வி என்று தோன்றியது. போனை ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அவளா?" என்றார் உங்கள் தம்பி. "அவ எங்க அழுதா? எங்க எல்லாரையும் அழ வச்சா. வீட்ல ராணி மாதிரில்ல இருந்தா!"

ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் அப்படியே சீனத்தில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.